தீவுப் பயணத்துக்கு நீங்களே டிக்கெட் எடுக்கலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலுள்ள நம் பயண முகவர் கடைக்கு வருகிறவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "பாலி, லொம்போக், அப்புறம் கொமோடோ பார்க்க லாபுவான் பாஜோ. எல்லாத்துக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுத் தருவீங்களா?" எல்லாமே இந்தோனேசியாவில். லாபுவான் பாஜோ, ராட்சதப் பல்லிகள் வாழும் கொமோடோ தீவுக்குப் படகு கிளம்பும் ஊர். டிக்கெட் போட்டுத் தருவோம். ஆனால் இந்தப் பயணத்துக்கு எங்களிடம் சேவைக் கட்டணம் கட்ட வேண்டிய தேவை பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. மலிவுக் கட்டண விமானங்களுக்கு எங்களுக்கென்று தனி விலை கிடையாது. அந்த நிறுவனங்களின் இணையப்பக்கத்தில் நீங்கள் பார்க்கும் விலைதான் எங்களுக்கும். எதை முதலில் வாங்குவது, எங்கே இடைவெளி விடுவது என்று தெரிந்தால் போதும், வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

விலை பார்ப்பதற்கு முன் வரைபடத்தை எடுத்து வையுங்கள். எந்த ஊருக்கு விமானங்கள் குறைவோ அங்கே முதலில் போய்விடுங்கள். விமானங்கள் அதிகமுள்ள ஊரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் பாலிக்கும் இடையே நாள் முழுக்க விமானங்கள் ஓடுகின்றன. லாபுவான் பாஜோவுக்கு அப்படி இல்லை. ஆகவே பாலியில் இறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் லாபுவான் பாஜோ போய், திரும்பி வந்து, கடைசி இரண்டு மூன்று நாள்களைப் பாலியில் கழிப்பது நல்லது. அங்கே ஒரு விமானம் ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்கலாம், திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். பலர் பாலியை முதலில் ஆற அமரச் சுற்றிவிட்டு, கொமோடோவைக் கடைசி இரண்டு நாளில் திணிக்கிறார்கள். படகிலிருந்து இறங்கிய அன்றே விமானம் ஏறுவதாகத் திட்டம் இருக்கும். கடல் கொந்தளித்தால் துறைமுக அதிகாரிகள் படகை விடமாட்டார்கள். அப்புறம் எல்லா டிக்கெட்டும் வரிசையாகக் கைவிட்டுப் போகும்.

லொம்போக்கையும் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. லொம்போக்கிலிருந்து ஸ்கூட் என்ற மலிவுக் கட்டண விமானம் நேரடியாகவே சிங்கப்பூருக்கு வருகிறது. பாலிக்குப் போய் லொம்போக்கிலிருந்து திரும்பினால், வந்த வழியே மீண்டும் கடல் தாண்ட வேண்டாம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாகத்தான் விலை வைக்கின்றன, அதனால் ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்பினாலும் பொதுவாகக் கூடுதல் செலவு வராது. முழுச் சேவை நிறுவனத்தில் எடுப்பதென்றால், இரண்டு ஒருவழி டிக்கெட் போடாமல் 'மல்டி சிட்டி' என்ற பகுதியில் தேடிப் பாருங்கள். அங்கே விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க நல்லவை. பணம் கட்டும்போது மட்டும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். நாளை நேரம் மாறினால் இடையில் யாரையும் தேடி அலைய வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகள் ஒன்றையொன்று அறியாது. பாலியில் இறங்கியதும் என்ன நடக்கும் என்று பாருங்கள். குடிநுழைவு வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, சுங்கம், வெளியே வந்து உள்நாட்டு முனையத்துக்கு நடை, அங்கே மீண்டும் பெட்டியைப் போட்டு மீண்டும் சோதனை. சாங்கியில் முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்துக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். வரவில்லை என்று குறித்துக்கொண்டு பறந்துவிடும், பணமும் போய்விடும். ஒரே டிக்கெட்டில் இரண்டு தடமும் இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஆகவே தனி டிக்கெட் என்றால் நடுவில் ஓர் இரவு விடுங்கள். ஓட்டல் செலவு ஆகத்தான் செய்யும், ஆனால் கடைசி நேரத்தில் குடும்பத்துக்கே புது டிக்கெட் வாங்குவதைவிட அது குறைவு. இன்னொன்று: ஒரே டிக்கெட்டில் உள்ள முதல் தடத்தில் நீங்கள் ஏறாவிட்டால், மீதித் தடங்களும் தானாக ரத்தாகிவிடும்.

அந்தப் பகுதியில் எரிமலைச் சாம்பலையும் கணக்கில் வைக்க வேண்டும். ஃபுளோரஸ் தீவின் லெவோதோபி லாக்கி-லாக்கி எரிமலை 2024 நவம்பரில் வெடித்தபோதும், 2025 ஜூன், ஜூலையிலும் பாலி விமானங்கள் பல ரத்தாயின. பயணக் காப்புறுதியை டிக்கெட் எடுக்கும் அன்றே எடுங்கள். வெடிப்புச் செய்தி வந்த பிறகு வாங்கும் காப்புறுதி அந்த வெடிப்புக்குப் பொதுவாகப் பணம் தராது. மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் நியெப்பி எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலி இந்துக்களின் அந்த மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், யாரும் தெருவில் இறங்கவும் கூடாது.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பெயர் எழுதும் இடத்தில். கடப்பிதழில் 'முருகன் எஸ்/ஓ வேலு' என்றிருந்தால், அந்தச் சாய்கோட்டை இணையப் படிவம் பொதுவாக ஏற்காது. கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுதுங்கள், அப்பா பெயரை விட்டுவிடாதீர்கள். படிவத்தில் பெயர், குடும்பப் பெயர் என்று உள்ள இரண்டு பெட்டிகளையும் சேர்த்துப் படித்தால் கடப்பிதழில் உள்ள பெயர் முழுதாக வர வேண்டும். இந்தியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும் அன்பர்களுக்குச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு பெட்டியிலும் எழுதச் சொல்லும். சில, குடும்பப் பெயர்ப் பெட்டியில் எல்என்யு (LNU, குடும்பப் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். அந்தந்த நிறுவனத்தின் குறிப்பைப் படித்து அதன்படியே செய்யுங்கள். பணம் கட்டிய பிறகு பெயரைத் திருத்துவது சிரமம், பல இடங்களில் கட்டணமும் உண்டு.

பெட்டி எடை சுருக்கமாக: எந்தத் தடத்தில் வரம்பு மிகக் குறைவோ, அதுதான் பயணம் முழுமைக்கும் உங்கள் வரம்பு. பாலியிலிருந்து லொம்போக் போன்ற குறுந்தடங்களில் ஏடிஆர் 72 வகைச் சிறிய விமானங்கள் ஓடுகின்றன. சுமார் 70 இருக்கை, தலைக்கு மேல் சின்னத் தட்டு. எடையை டிக்கெட் எடுக்கும்போதே வாங்குங்கள், விமான நிலையத்தில் விலை அதிகம்.

கடப்பிதழில் 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு இந்தோனேசியாவில் 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் உள்ளவர்களும் 500,000 ரூப்பியா கட்டி, இறங்கியதும் விசா எடுக்கலாம், இணையத்திலும் முன்கூட்டி எடுக்கலாம். பாலிக்கு மட்டும் தனியாக 150,000 ரூப்பியா சுற்றுலாக் கட்டணம் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து எல்லா வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள், சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர்கள், பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போகும் குடும்பங்கள், தீவிலிருந்து அப்படியே ஊருக்கும் போய்வர நினைப்பவர்கள் எங்களிடம் வாருங்கள். அங்கேதான் நாங்கள் வாங்கும் கட்டணத்துக்கு வேலை இருக்கிறது. மற்றவர்கள், பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையைப் படம் பிடித்துக்கொண்டு கடப்பிதழோடு கடைக்கு வந்தால், பெயரையும் தேதியையும் நேர இடைவெளியையும் பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் கூட்டம் நெரியும், வார நாளில் மதியம் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து