370 போட்டால் 360

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சூதாட்டக் கூடத்தில் தோற்றுவிட்டு வருபவர்கள், "உள்ளே ஏதோ தில்லுமுல்லு நடக்குது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் அண்ணனும் அதையேதான் சொல்வார். தில்லுமுல்லுக்கு அங்கே அவசியமே இல்லை.

ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் சிறு பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைத்து ஆடும் ஆட்டம். ஒற்றைப் பூச்சியம் உள்ள சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்து அது விழுந்தால் 350 வெள்ளி தருவார்கள், வைத்த பத்தும் திரும்பி வரும். 37 எண்ணிலும் பத்துப் பத்தாக வைத்துப் பாருங்கள். போட்டது 370, வந்தது 360. நூற்றுக்கு 2.70 கூடத்துக்கு நின்றுவிடுகிறது.

சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் ஜெயித்த சில்லுகளை (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வட்டுகளை) யார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்? மறுபடி மேசைக்கே போகின்றன. மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 8 மணி நேரத்தில் 6,400 வெள்ளி மேசையில் புரண்டிருக்கும். அதில் சராசரியாக 173 வெள்ளி கூடத்துக்கு. ஆளோ, தான் கொண்டுபோனது 500தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில்தான் நுழைவுக் கட்டணம் என்னை உறுத்துகிறது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டும் 100 வெள்ளி, 2019இல் 150 ஆனது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் கட்டியவர் 24 மணி நேரம் உள்ளே இருக்கலாம். "150 கட்டியாச்சு, அதையாவது எடுத்துட்டு வரணும்" என்று அண்ணன் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அண்ணி அவருடைய பையிலிருந்த சிறிய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பக்கம் பக்கமாக எண்கள், சிவப்புப் பேனாவிலும் கறுப்புப் பேனாவிலும். மேசைக்குப் பக்கத்துத் திரையில் வரும் முந்தைய எண்களைப் பார்த்து எழுதியவை. அடுத்தது என்ன என்று அதை வைத்துப் பிடித்துவிடலாமென்று நம்பியிருக்கிறார். அதனால் தங்களுக்கு நஷ்டம் வருமென்றால் அந்தத் திரையை அவர்களே மாட்டி வைப்பார்களா?

ஒருவர் சூதாட்டக் கூடத்துக்குள் நுழையாதபடி குடும்பத்தார் விண்ணப்பித்துத் தடை உத்தரவு வாங்கலாம் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. வாங்கினோம். மூன்று மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் எங்களைப் போல் காத்திருக்க வேண்டாம்.

கட்டணம் கட்டும் இடத்திலேயே, 370 போட்டால் 360தான் வரும் என்ற கணக்கை நான்கு மொழிகளிலும் பெரிய எழுத்தில் வைக்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்