கோவில் திடலுக்கு அடியில் வாகன நிறுத்தம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள கோவில் வரிதாரர்களுக்கு வணக்கம்.

நம் கோவில் திடலுக்கு அடியில் கட்டிய வாகன நிறுத்தம் போன தைக் கொடை விழாவன்று முதல் முறையாக நிரம்பியது. கீழே 40 கார், ஓரமெல்லாம் பைக். மேலே திடலில் ஒரு வண்டி இல்லை. வில்லுப்பாட்டு கேட்க வந்தவர்கள் மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார்கள். அப்படி உட்கார இடம் இருந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு தனி அச்சாக இத்துடன் வருகிறது. அதில் 'தண்ணீர் இறைப்பு' என்ற இனத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு செலவு என்று பலர் கேட்டீர்கள். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதற்கான பதில்தான்.

நாகர்கோவிலில் வடசேரிக்கும் கோட்டாற்றுக்கும் நடுவில் இருக்கும் நம் ஊருக்கு வண்டி நெருக்கடி புதிதில்லை. மணிமேடைக் கடிகார கோபுரம் 1893-ல் எழுந்தபோது இந்தத் தெருக்களில் ஓடியது மாட்டுவண்டி. 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்து நாகர்கோவில் மாவட்டத் தலைநகரானது. 2019-ல் நகராட்சி மாநகராட்சி ஆனது. தெருவின் அகலம் மட்டும் பெரும்பாலும் பழையபடியே நிற்கிறது. நம் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் கார்கள் திடலை நிறைத்து, தெருவில் இரண்டு பக்கமும் நின்று, பக்கத்து வீட்டு வாசலையும் அடைக்கும்.

மாடி கட்டி கார் ஏற்றலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் திடல் போய்விடும் என்பதால் அது பொதுக்கூட்டத்திலேயே விழுந்தது. அடுத்து, லிஃப்டில் கார்களை அடுக்கும் இயந்திரம். இடம் மிச்சம்தான். ஆனால் ஒரு காரை இறக்க 2 நிமிஷம் என்று வையுங்கள். பந்தி முடிந்து 40 பேரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் கடைசி ஆள் 80 நிமிஷம் காத்து நிற்க வேண்டும். நம் ஆட்களின் பொறுமை உங்களுக்கே தெரியும். அதையும் விட்டோம்.

பூமிக்கு அடியில் என்றதும் எதிர்ப்பு வந்தது. மூத்த பாட்டா ஒருவர் எழுந்து, "மக்களே, அம்மை நிக்க எடத்துக்கு அடியிலயா காறு விடப் போறிய?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரைபடத்தை விரித்து, கோவில் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளித்தான் குழி தொடங்குகிறது, அரசமரத்தைச் சுற்றியும் மண் அப்படியே இருக்கும் என்று காட்டினோம். அதனால்தான் கீழ்த்தளம் சதுரமாக இல்லாமல் 'ட' மாதிரி மடங்கிப் போகிறது. அன்றைக்கு நம் பொறியாளர், சான்பிரான்சிஸ்கோ நகர நடுவில் இருக்கும் யூனியன் சதுக்கத்தின் கதையைச் சொன்னார். அங்கேயும் கடைவீதி நெரிசல்தான், அங்கேயும் மேலே இருக்கும் பூங்காவை விட மனசில்லை. டிமதி ஃப்ளூகர் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் பூங்காவுக்கு அடியில் வாகன நிறுத்தம் கட்டி, போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் திறந்துவிட்டார்கள். பூங்கா மறுபடி பூங்காவாகவே மேலே வந்தது. பாட்டா கேட்டுவிட்டு, "அப்பம் சரி" என்று உட்கார்ந்தார்.

ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் போதும். ஆனால் வந்து திரும்பிப் போக வழி, தூண், சுவர் எல்லாம் சேர்த்தால் கீழ்த்தளத்தில் காருக்கு 32 சதுர மீட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். 40 காருக்கு நம் கணக்கில் ஏறக்குறைய 32 சென்ட். இறங்க வேண்டிய ஆழம் 3.5 மீட்டர். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் இறக்கம் மட்டும் 28 மீட்டர் இழுத்துவிட்டது. இரண்டாவது தளம் ஏன் தோண்டவில்லை என்று இப்போது கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பாறை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. போதாததற்கு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை ஜூனில் திறந்தால் பிப்ரவரி கடைசிவரை கால்வாய் ஓடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் அது வரம். குழி தோண்டுகிறவனுக்குச் சாபம், ஏனென்றால் கால்வாய் ஓடும்வரை ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறங்காது. ஆக, காய்ந்த மாதங்கள் மூன்றுதான். ஒரு தைக் கொடை முடிந்து தொடங்கி அடுத்த தைக் கொடைக்குள் திடலைத் திருப்பிக் கொடுப்போம் என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தோம்.

மேலே செம்மண் எளிதாக வந்தது. அதற்கடியில் இறுகிய மண்ணை ஹிட்டாச்சி பார்த்துக்கொண்டது. ஒரு மூலையில் கருங்கல் முட்டியது. நம் மாவட்டத்தில் நிறையக் கிடைக்கும் இந்த வகைக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறையின் கல்லைப் பார்த்து வைத்த பெயர் அது. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். பெயர் எதுவானாலும் உடைவதாக இல்லை. ஊருக்கு நடுவில் வெடி வைக்க முடியாது. துளை போட்டு, சுண்ணாம்பு சேர்ந்த பொடியைக் கரைத்து ஊற்றினார்கள். அது இரவெல்லாம் ஊறி உப்பி, காலையில் பாறை சத்தமில்லாமல் விரிந்து கிடந்தது. டாரஸ் லாரிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் மண்ணும் கல்லும் இரவில்தான் போயின. தூக்கம் கெட்டுப்போன தெருக்காரர்களுக்கு இங்கே ஒரு மன்னிப்பு.

தோண்டும்போது தென்மேற்கு மூலையில் ஒரு பழைய உறைக்கிணறு வெளிப்பட்டது. அங்கே கிணறு இருந்தது ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. தூர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். தண்ணீர் தானாகவே அங்கே போய்ச் சேர்வதைப் பார்த்த பொறியாளர், அதையே சுத்தம் செய்து பம்ப் இறக்கச் சொன்னார். இன்றைக்கும் கீழ்த்தளத்துச் சம்ப் அந்தக் கிணறுதான்.

இனி தண்ணீர்க் கணக்கு. மழைக்காலத்தில் நம் திடலில் ஒன்றரை மீட்டர் ஆழத்திலேயே நீர்மட்டம் நிற்கும். கட்டடத்தின் அடி 4 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டரை மீட்டர் தண்ணீர், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 2.5 டன் விசையோடு மேலே தள்ளும். காலிக் கீழ்த்தளம் என்பது கிட்டத்தட்ட ஒரு தோணி. அதை அமுக்கிப் பிடிக்கப் பாரம் வேண்டும். அரை மீட்டர் அடித்தளக் கான்கிரீட் 1.25 டன், மேல் தளம் 0.75 டன். இரண்டும் சேர்ந்தாலும் போதவில்லை. மீதியைத் தருவது திடல் மண். மேல் தளத்தின் மீது இரண்டு அடிச் செம்மண் நிரப்பியிருக்கிறோம், அது சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் வரும். பொங்கல் அடுப்புச் சூடு கான்கிரீட்டைத் தொடக்கூடாது என்றுதான் அந்த மண்ணை முதலில் கேட்டோம். அதே மண்தான் கட்டடத்தை மிதக்காமல் வைத்திருக்கிறது. ஆகவே திடல் மண்ணைத் தோண்டி எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஒரு கூடைகூட.

மேலே அந்த மண்ணை நிரப்பும்வரை ராப்பகலாகப் பம்ப் ஓடியே ஆக வேண்டும். அடித்தளமும் சுவரும் முடிந்து மேல் தளம் போடாத நேரத்தில் இடவப்பாதி பிடித்துக்கொண்டது. ஒரு ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. குழியைச் சுற்றித் தண்ணீர் ஏறுவது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. பொறியாளர் போனில் சொன்னது ஒன்றுதான்: "அடித்தளத்தில் விட்டிருக்கும் குழாய்களைத் திறந்துவிடுங்கள், தண்ணீர் உள்ளே வரட்டும்." உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் சமமானால் மேலே தள்ளாது. திறந்தோம். விடியும்போது புதுக் கட்டடத்துக்குள் இடுப்பளவு தண்ணீர், தவளைச் சத்தம். அந்தப் படம் 'கமிட்டி கட்டிய தெப்பக்குளம்' என்ற தலைப்போடு வாட்ஸாப்பில் சுற்றியது. நாங்களே திறந்துவிட்டோம் என்று அன்று சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. இறைத்துச் சுத்தம் செய்ய ஆன செலவு கணக்கில் இருக்கிறது. திறக்காமல் விட்டு அடித்தளம் தூக்கியிருந்தால் மொத்தத்தையும் உடைத்திருக்க வேண்டும்.

பம்ப் ஓடிய மாதங்களில் பக்கத்து வீட்டுக் கிணறு ஒன்று வற்றியது. அவர்களுக்கு டேங்கரில் தண்ணீர் கொடுத்தோம், இப்போது கிணறு பழையபடி ஊறுகிறது. கிழக்கு வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது நம்மால் வந்ததா, முன்பே இருந்ததா என்ற சண்டை வளர்வதற்குள் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கடைசிவரை உடையவில்லை. இருந்தாலும் பூசிக் கொடுத்தோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். தெருத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க நுழைவில் ஒரு மேடு வைத்திருக்கிறோம். முதலில் போட்டது கூர்மையாகி, தாழ்வான கார்களின் அடி தட்டியது. உடைத்து நீட்டிப் போட்டாயிற்று. மேற்குச் சுவரில் கான்கிரீட் இரண்டு நாளாகப் போட்ட இணைப்பு இன்னும் வியர்க்கிறது. துளை போட்டு ரசாயனம் ஏற்றியும் முழுதாக நிற்கவில்லை. ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் பிடித்தத் தொகையை இன்னும் இரண்டு மழை பார்த்துவிட்டுத்தான் விடுவிப்போம். அந்த வரிசையில் காரை விடுகிறவர்கள் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டாம்.

பெட்ரோல் ஆவியும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தங்கும். அதனால் காற்றை வெளியேற்றும் ஃபேன்களின் வாய் தரைமட்டத்துக்குப் பக்கத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னால் பைக் நிறுத்தி அடைக்காதீர்கள். சிலிண்டர், அடுப்பு, பந்தல் சாமான் எதையும் கீழே இறக்கக் கூடாது, மண்டபம் எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி. மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடும் இடம் மேலே, மண்டபத்து வாசலில்.

பம்ப் அறைச் சாவி இரண்டு. ஒன்று கோவில் அலுவலகத்தில், மற்றொன்று அந்த வாரத்து முறைக்காரரிடம். இடவப்பாதிக்கான முறைப்பட்டியல் மண்டபத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது. தன் வாரத்தில் வெளியூர் போகிறவர் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்து, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி