முதல் வாரத்தில் ஒரு பக்கத் தாள்: கலைப்புலத் துறைத்தலைவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர்களுக்கும் நெறியாளர்களுக்கும்,

வணக்கம். இலக்கியம், வரலாறு, மெய்யியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் புதிதாகச் சேருபவர்களை நீங்கள் வரவேற்கும் முறை பற்றி எழுதுகிறோம். அறிவியல் துறையில் சேருபவருக்கு முதல் நாளே பெரும்பாலும் ஓர் ஆய்வகம் கிடைத்துவிடும். பக்கத்து மேசையில் மூத்த மாணவர் இருப்பார். இரண்டு நாள் வராவிட்டால் யாராவது விசாரிப்பார்கள். உங்கள் மாணவருக்குக் கிடைப்பது ஒரு நூலக அட்டை. அவர் மூன்று மாதம் தடுமாறிக் கிடந்தாலும் முதலாண்டு மதிப்பாய்வு வரும்வரை வெளியே தெரியாது. ஆய்வகம் தானாகச் செய்துவிடும் வேலையை இங்கே நீங்கள்தான் திட்டமிட்டுச் செய்தாக வேண்டும்.

அறிமுகக் கூட்டத்தில் புதியவரை எழுப்பி "உங்கள் தலைப்பு என்ன?" என்று கேட்காதீர்கள். சேர்க்கைக்காக எழுதிய முன்மொழிவு ஓராண்டுக்குள் பெரும்பாலும் உருமாறிவிடும். எல்லார் முன்னும் சொல்லிவிட்டோமே என்று கூச்சப்பட்டு, சான்றே கிடைக்காத தலைப்பைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் உண்டு. "முதலில் எந்த மூலத்தைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள், பேச்சும் வளரும், அவருக்கு உதவக்கூடியவர் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஆசிரியர்கள் விருதுப் பட்டியலை விட்டுவிட்டு, இப்போது எதில் வேலை செய்கிறேன், எந்த ஆவணக் காப்பகம் பழக்கம், எந்தப் பழைய எழுத்தைப் படிக்க வரும், எந்த நேரம் அறையில் இருப்பேன் என்று நான்கு வரி சொன்னால் போதும். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கலாமா என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்தவர் இதை யாரிடமும் கேட்க மாட்டார். மின்னஞ்சலின் முதல் வரியிலேயே அரை மணி நேரம் திணறுவார்.

நெறியாளருடனான முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுந்திருக்கும்போது இருவர் கையிலும் ஒரு பக்கத் தாள் இருக்கட்டும்: முதலாண்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு, எழுதியதை ஏழு நாள் முன்னதாக அனுப்புவது, நீண்ட இயல் என்றால் எத்தனை வாரத்தில் கருத்து வரும், வராவிட்டால் அடுத்து யாரிடம் போவது. கடைசி வரிதான் முக்கியம். அதைத்தான் எல்லாரும் எழுதாமல் விடுகிறார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் மறுநாள் மாணவர் பத்து வரியில் முடிவுகளைத் தொகுத்து அனுப்பட்டும். நெறியாளர் "யோசித்துப் பாருங்கள்" என்று சொன்னதை மாணவர் "மாற்றி எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டு போவது சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பத்து வரியில் அது வெளிப்பட்டுவிடும். இணை நெறியாளர் இருந்தால் பருவத்துக்கு ஒருமுறையாவது மூவரும் சேர்ந்து உட்காருங்கள். இல்லாவிட்டால் இருவரின் முரணான கருத்துகளுக்கு நடுவே மாணவர் தூது போய்க்கொண்டிருப்பார். நெறியாளர் முதல் பருவத்திலேயே ஆய்வு விடுப்பில் போவதானால், அதைச் சேர்க்கைக் கடிதத்தோடேயே தெரிவிப்பதுதான் நியாயம்.

"முதலாண்டு முழுக்கப் படியுங்கள், பிறகு எழுதலாம்" என்ற அறிவுரையைத் தயவுசெய்து கைவிடுங்கள். அப்படிப் படிப்பவர் எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் படிப்பார். மதிப்பாய்வுக்கு வரும்போது கையில் குறிப்புகள் மட்டுமே இருக்கும். முதல் மாதத்திலேயே ஒரே ஓர் ஆவணத்தை அல்லது ஒரு கவிதையை எடுத்து 1,500 சொல் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழி போதவில்லை, எந்தக் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் தெரிந்தால் அதற்குள் நேரம் போயிருக்கும்.

குறிப்பெடுக்கும் பழக்கத்தையும் முதல் வாரத்திலேயே யாராவது உட்கார்ந்து காட்டித்தர வேண்டும். திருட்டு நோக்கமே இல்லாமல் எழுத்துத் திருட்டில் சிக்குபவர்கள், நூலின் வரியையும் தம் வரியையும் ஒரே பத்தியில் கலந்து வைத்தவர்கள்தான். எழுத்துக்கு எழுத்து எடுத்தது மேற்கோள்குறிக்குள், சுருக்கியது ஓர் அடையாளத்தோடு, சொந்தக் கருத்து வேறு நிறத்தில், மூன்றுக்கும் பக்க எண் என்று தொடங்கட்டும். 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஸோட்டெரோ மென்பொருள் நூல்விவரங்களைச் சேர்த்துவைக்கும். ஆனால் தானாக இழுத்துக்கொண்ட விவரத்தை நம்ப முடியாது. பதிப்பாசிரியர் நூலாசிரியர் இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். பிடிஎஃப் காட்டும் பக்க எண்ணும் அச்சுப் பக்க எண்ணும் வேறுவேறு என்பதையும் சொல்லிக்கொடுங்கள். காப்பகத்தில் படமெடுக்க அனுமதி உண்டென்றால், ஒவ்வோர் ஆவணக் கட்டையும் திறக்குமுன் அதன் கோரிக்கை எண் (காப்பகத்தில் அதைக் கேட்டு வாங்கும் அடையாள எண்) உள்ள சீட்டை முதலில் படமெடுக்க வேண்டும். அது இல்லாத நானூறு படங்களை அடிக்குறிப்பில் பயன்படுத்த முடியாது.

நேர்காணல் எடுக்கப் போகிறவர்களுக்கு மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பற்றி முதல் மாதமே சொல்லுங்கள். அனுமதிக்கு முன் பதிவு செய்ததைப் பிறகு ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகக்கூடும்.

ஒவ்வொரு புதியவருக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் துணையாக அமர்த்துங்கள். அவர் வேறு நெறியாளரிடம் ஆய்வு செய்பவராக இருக்க வேண்டும். அப்போதுதான் புதியவர் தம் நெறியாளரைப் பற்றி மனம்விட்டுக் கேட்க முடியும். அவர்களது முதல் சந்திப்புக்குத் துறையில் ஓர் அறை ஒதுக்குங்கள். ஆசிரியர் யாரும் அங்கே வர வேண்டாம்.

இப்படிக்கு,
கலைப்புல ஆய்வாளர்களோடு பணியாற்றிவரும் சிலர்