அணைக்குக் கீழே இருந்தவர்கள்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போரில் துள்ளும் குண்டு போட்டு ஜெர்மனியின் அணைகளை உடைத்த, பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான்; துள்ளும் குண்டு என்றால் விடுவேனா?

குளத்தில் ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதுபோல அந்தக் குண்டும் போனது என்று எழுதியிருந்தீர்கள். சரி. அணைக்கு முன்னால் கட்டியிருந்த டார்பிடோ வலையை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து வரும் குண்டுகளைத் தடுக்கும் வலையை, தாண்டத்தான் அந்தத் தத்தல். ஆனால் குண்டை வடிவமைத்த பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸின் கெட்டிக்காரத்தனம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளையை நிமிடத்துக்கு 500 சுற்று பின்னோக்கிச் சுழலவிட்டுப் போட்டார்கள். சுவரில் மோதிய குண்டை அந்தச் சுழற்சி விலகவிடாது. ஒட்டியபடியே கீழே இறக்கும். 30 அடி ஆழத்தில் தண்ணீரின் அழுத்தமே அதை வெடிக்க வைக்கும். போட வேண்டிய உயரம் 60 அடி. ராத்திரியில் அதை எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகள். இரண்டு வெளிச்சமும் தண்ணீர்மேல் ஒன்றாகச் சேர்ந்தால் 60 அடி, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

குறை சொல்ல வந்தது இதற்கல்ல. 1943 மே 16 இரவு கிளம்பிய 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் 8 திரும்பவில்லை, போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள் என்று சரியாகக் கணக்குச் சொன்ன கட்டுரை, வெள்ளத்தில் போனவர்களை 'எதிரிக்குப் பேரிழப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இறந்தவர்கள் 1,200 பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் ஜெர்மானியரே அல்ல. மோனே அணைக்குக் கீழே நெய்ஹைம் என்ற ஊரில், ஆற்றோரத்து மரக்கொட்டகைகளில் உக்ரைன், போலந்துப் பெண்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஜெர்மன் தொழிற்சாலைகளில் வேலை வாங்குவதற்காகக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். நள்ளிரவு தாண்டி அணை உடைந்தது. அவர்களில் பல நூறு பேர் மிஞ்சவில்லை. இவர்கள் யாருக்கு எதிரி?

ஜெர்மனியின் தொழில் வட்டாரமான ரூர் பகுதித் தொழில்கள் போர் முடியும்வரை எழவேயில்லை என்று கட்டுரை சொன்னதும் தவறு. மோனே அணையின் உடைப்பை அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் அடைத்துவிட்டார்கள். சாரம் கட்டி வேலை நடந்த அத்தனை மாதமும் பிரிட்டிஷார் அதன்மேல் மறுபடி குண்டு போடாதது ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம்.

வாலிஸ் தனக்கு 1951இல் கிடைத்த 10,000 பவுண்டைத் தான் படித்த பள்ளிக்கே கொடுத்தார், இறந்த விமானப்படையினரின் பிள்ளைகள் படிக்கட்டும் என்று. அதை எழுதியது நல்லது. பக்கத்திலேயே நெய்ஹைமுக்கும் நாலு வரி இடம் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஜெர்மன் போர்க்கப்பலான டிர்பிட்ஸை மூழ்கடித்த கதை என்று போட்டிருக்கிறீர்கள். 1944 நவம்பர் 12 அன்று அந்தக் கப்பல் நின்ற நார்வேயின் டிராம்ஸோவுக்கு 617 மட்டும் போகவில்லை. 9ஆம் ஸ்குவாட்ரனும் கூடவே போனது. அதையாவது விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்