ரிப்பனுக்குக் கொடுக்கிறீர்கள், ஆய்வுக்கும் கொடுங்கள்

தமிழ்நாட்டு நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) குழுவினருக்கு,

வணக்கம். போன அக்டோபரில், என் அக்கா சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தார் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக வந்திருந்தார்கள். இளஞ்சிவப்பு பலூன், ரிப்பன், குரூப் போட்டோ. ஒரு பெண் பிரியமாக அக்காவின் புடவையிலும் ரிப்பனைக் குத்திவிட்டார். ஒரு மணி நேரம் முன்புதான் அக்காவின் வயிற்றிலிருந்து மூன்று லிட்டர் நீர் எடுத்திருந்தார்கள். பிளாஸ்திரி ஒட்டிய இடத்தைக் கையால் பொத்தியபடியே நன்றி சொன்னாள்.

அவளுக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய். எட்டு மாதம் கேஸ் மாத்திரை சாப்பிட்டாள். நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காது, ஆனாலும் பாவாடை நாடா எட்டாது. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றவர்களுக்குச் சொல்கிறேன்: அறிகுறி வரும் முன்பே இந்த நோயைக் கண்டுபிடித்து உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபணமான பரிசோதனை எந்த நாட்டிலும் இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பலன் தருகின்றனவா என்று பல வருடம் பார்த்தார்கள். சாவு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் பணம் கேட்கிறேன்.

ஆய்வு வீண் செலவா? திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைத் தடவி, பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயைப் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. பெண்களும் நம் ஊர், நர்சுகளும் நம் ஊர். பணம் வந்தது அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து. அது எனக்கு உறுத்துகிறது.

2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்குகிறீர்கள். அதை அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கோ, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆருக்கோ கொடுக்கவும் அந்தச் சட்டமே இடம் தருகிறது. அப்புறம் ஏன் தயக்கம்? வயிறு உப்புகிறது என்றால் கேஸ், உதிரம் நிற்கவில்லை என்றால் "இந்த வயசுல அப்படித்தான்". வீட்டிலும் இதே பேச்சு, ஆஸ்பத்திரியிலும் இதே பேச்சு. பணம் வைத்திருப்பவர்களும் எங்கள் அடிவயிற்றைக் கண்டுகொள்ளாவிட்டால் யாரிடம் போவது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்பகப் பரிசோதனை முகாம்களை நிறுத்தச் சொல்லவில்லை, அவை வேண்டும். பலூனுக்கும் விளக்குக்கும் போகும் தொகையைச் சினைப்பை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வுக்கு மாற்றுங்கள். ஒரு வருடம் கொடுத்து நிறுத்தாமல், ஐந்து வருடமாவது தொடர்ந்து கொடுங்கள்.

அக்கா மார்ச்சில் இறந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அடுத்த கூட்டத்தில் இந்த மடலைத் தயவுசெய்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை