முருகேசனுக்கு, பல் கட்டும் விஷயமாக

நாகல் நகர்,
திண்டுக்கல்.

அன்பு மகன் முருகேசனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் யாழினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது, கீழ் வரிசையில் வலப்பக்கம் எடுத்த இரண்டு கடைவாய்ப் பற்களுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளப் போவதாகவும், ஓசூரில் ஒன்றும் பெங்களூரில் ஒன்றுமாக இரண்டு மருத்துவமனைகளைப் பார்த்து வைத்திருப்பதாகவும், பெங்களூர்க்காரர்கள் பல் ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் என்று விளம்பரம் செய்திருப்பதாகவும் சொன்னாய். எதில் போகலாம் என்று என்னிடம் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டதை நீ தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய். சில காரியங்களைப் பேசுவதற்கு எனக்கு வருவதில்லை. 31 வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதியே பிழைத்தவனுக்கு எழுத்துதான் கைவரும்.

முதலில் அந்தப் பதினெட்டாயிரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளான்ட் என்பது ஒரு பொருள் அல்ல, மூன்று பொருள்கள். எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் திருகு ஒன்று, அதன் தலையில் பொருத்தும் இணைப்புத் துண்டு ஒன்று, அதற்கு மேல் வைக்கும் பல் ஒன்று. விளம்பரத்தில் போடுகிற விலை பெரும்பாலும் திருகுக்கு மட்டுமே உரியது. ஸ்கேன், எலும்பு குறைவாக இருந்தால் வைக்கிற எலும்புத் தூள், இணைப்புத் துண்டு, மேற்பல் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வரும். மனையின் விலையைச் சொல்லிவிட்டுப் பாதைக்குத் தனியாகக் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு இடத்திலும், முதல் நாள் முதல் மேற்பல் வைக்கும் நாள் வரை ஆகும் மொத்தச் செலவை, எந்த நிறுவனத்தின் திருகு என்பதையும் சேர்த்து, எழுத்தில் வாங்கிக்கொள். எழுதித் தரத் தயங்குகிற இடத்துக்கு இரண்டாவது முறை போகாதே. வாழ்நாள் உத்தரவாதம் என்பார்கள். அது அநேகமாகத் திருகு செய்த நிறுவனம் திருகுக்குக் கொடுப்பது. உன் எலும்புக்கும் ஈறுக்கும் யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. திருகின் பெட்டியில் அளவும் தொகுதி எண்ணும் அச்சிட்ட சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வை. பத்து வருடம் கழித்து நீ வேறு ஊரில் இருக்கும்போது திருகு தளர்ந்தால், எந்த வகை என்று தெரியாமல் எந்த மருத்துவராலும் அதற்குரிய கருவியை எடுக்க முடியாது. மூலப் பத்திரத்தைத் தொலைத்தவன் படும் பாட்டை நீ என் மேசைக்கு எதிரில் நின்றே பார்த்திருக்கிறாய்.

அடுத்தது, வைப்பவர் யார் என்பது. பலகையில் பெயர் போட்டிருக்கும் மருத்துவர் ஒருவராகவும், திருகு வைக்கிறவர் வேறொருவராகவும் இருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வந்து நான்கு பேருக்கு வைத்துவிட்டு மாலையில் கிளம்பிவிடுவார். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை இரவு உன் தாடை வீங்கினால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் அவர் பதிவு எண் என்ன, பி.டி.எஸ். என்கிற பல் மருத்துவப் பட்டம் மட்டுமா, எம்.டி.எஸ். என்கிற மேற்படிப்பு என்றால் எந்தப் பிரிவு, இந்த வேலையை எத்தனை வருடமாகச் செய்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மார்க்கைக் கூட்டித் தப்பாகப் போட்டபோதும் நீ வாயைத் திறக்கவில்லை; நான்தான் வந்து கேட்டேன்.

உனக்கு வைக்கப் போவது கீழ்த்தாடையின் பின்பகுதி. அந்த எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். திருகு ஆழமாகப் போய் அதைத் தொட்டுவிட்டால் உதடு மரத்துப் போகும், சிலருக்கு அது திரும்புவதே இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் நீளம் தெரியும், அகலம் தெரியாது. ஆகவே சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, நரம்புக்கும் திருகுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்பதைத் திரையில் உனக்குக் காட்டச் சொல். ஒரே நாளில் பல் என்று சொல்வதை உன்போன்ற கடைவாய்ப் பல்காரன் நம்ப வேண்டாம். கீழ்த்தாடையில் எலும்பு திருகைப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், மேல்தாடையில் இன்னும் கூடும். பிரோனமார்க் என்கிற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் 1952 வாக்கில் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியத்தை ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தபோது எடுக்க வரவில்லையாம். எலும்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு விட்டது. 1965இல் அவர் முதல் மனிதருக்கு வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரை அந்தத் திருகுகள் வாயிலேயே இருந்தன. நாற்பது வருடம்! எலும்புக்கு வேண்டிய நாளைக் கொடுத்தால் அது பிடித்துக்கொள்கிறது. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு பிடித்துக்கொள்வதில்லை.

இரத்த ஓட்டம் குறைவதற்குக் காரணங்கள் உண்டு. சர்க்கரை ஒன்று, நம் குடும்பத்தில் அது இருப்பதால் மூன்று மாதச் சராசரிச் சோதனையை எடுத்துவிட்டுப் போ. மற்றொன்று புகைபிடிப்பதும் புகையிலையும். பொதுவாகத்தான் சொல்கிறேன். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஆறவேண்டிய புண் ஆறாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கிற பழக்கம் இருந்தால், ஒதுக்குகிற இடத்திலேயே ஈறு இறங்கி எலும்பும் கரையும். உன் தீபாவளி நீலச் சட்டையை அம்மா துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். பையில் இருந்ததை எடுத்துவிட்டுத்தான் துவைத்தாள்.

சுத்தத்தைப் பற்றியும் எழுத வேண்டும். 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனவர்களில் எட்டுப் பேர் மூளைத் தொற்று வந்து இறந்துபோனதைப் பத்திரிகையில் படித்திருப்பாய். ஈறைப் பிரிக்கிற கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே அடுத்தவருக்கும் பயன்படுத்தினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பல் வலிக்குப் போன மனிதர்கள். கருவிகளை ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, ஒட்டிய உறையை உன் கண் முன்னால் பிரிக்க வேண்டும், சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்பட வேண்டும். பளிங்குத் தரையையும் காபி மெஷினையும் பார்த்து மயங்காதே. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காபி கிடைக்காது, வரிசை நீளம். ஆனால் ஒரு மாணவர் செய்வதை ஒரு பேராசிரியர் மேற்பார்க்கிறார். செலவு கையைக் கடித்தால் அதையும் யோசி.

கையைக் கடிக்காது என்பாய். ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை, அம்மாவின் கண் ஆபரேஷனையும் நீயே பார்த்தாய்; அதை நான் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பல் எடுத்தது ஆவணியில். எங்களுக்குத் தெரிந்தது ஐப்பசியில், அதுவும் மருமகள் வாய்தவறிச் சொல்லி. முப்பத்தாறு வயதில் இரண்டு கடைவாய்ப் பல் ஆடி விழுகிற அளவுக்குப் போனதைப் பெற்றவர்களிடம் சொல்லக் கூடாதா? தீபாவளியன்று அம்மா உனக்கென்று வைத்த காரக் குழம்பை ஒதுக்கிவிட்டுத் தயிரைப் போட்டுச் சாப்பிட்டாய். இப்போதெல்லாம் காரம் எரிகிறது என்றாய். அதிரசத்தைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டாய். உன் அம்மா அதைப் பல் இல்லாததால் என்று நினைத்தாள்.

ஆகவே நீ தேர்ந்தெடுக்கும் மருத்துவர், எலும்பைப் பார்ப்பதற்கு முன் உன் கன்னத்தின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்க்கிறவராக இருக்க வேண்டும். வெளுத்த படலம் இருக்கிறதா, கன்னம் விறைத்திருக்கிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுமாம். முதலில் காரம் எரியும், பிறகு வாய் திறப்பது குறையும், அதைக் கவனிக்காமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதை எழுத என் கை வரவில்லை. மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று காலை நான் வைத்துப் பார்த்தேன், எனக்குப் போகிறது. நீயும் கண்ணாடி முன் நின்று ஒரு முறை வைத்துப் பார். திருகும் பல்லும் அதற்குப் பிறகு. அவசரம் ஒன்றும் இல்லை. இதைப் பார்க்காமல் முதல் நாளே முன்பணம் கேட்கிற இடம் வேண்டவே வேண்டாம்.

முருகேசா, இதை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்க மாட்டாய், நானே கேட்டுக்கொண்டேன். 2019இல் மதுரை ரோட்டில் எனக்கு இம்ப்ளான்ட் வைத்தபோது நீதான் லீவு போட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அந்த மருத்துவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை, இரத்த அழுத்தம், மாத்திரைகள். புகையிலை உண்டா என்று கேட்டார். 2008 தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்துபோனபோது விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதை நீயும் அம்மாவும் ஊரும் நம்பிக்கொண்டிருந்தீர்கள். பழநியிலிருந்து திரும்பி வந்த நாற்பதாம் நாளே நான் மறுபடி தொடங்கிவிட்டேன். கிணற்று மோட்டார் அறையில், ஃபியூஸ் பெட்டிக்கு மேலே பொட்டலம் இருக்கும். திருகு வைத்த அன்று இரவே ஒதுக்கினேன், மறுபக்கக் கன்னத்தில்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு.

வருடம் முடிவதற்குள் அது ஆடி, சீழ் பிடித்து, எடுக்க வேண்டியதாயிற்று. நீ ஓசூரிலிருந்து வந்து அந்த மனிதரின் அறையில் நின்று சத்தம் போட்டாய். 'எங்கப்பாவோட பல்லைக் கெடுத்துட்டீங்க' என்று நீ சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். வலியால் என்று நீ நினைத்தாய். அவர் தன் கையிலிருந்து பதினைந்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை கல்யாண வீட்டில் அந்த மருத்துவமனையைப் பற்றிக் கேவலமாகப் பேசியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

நீ போன் செய்த மறுநாள் அங்கே போனேன். உனக்கு எங்கே பார்க்கலாம் என்று அவரிடம் கேட்கத்தான் போனேன். போன இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் என் பழைய கேஸ் ஷீட்டை எடுத்து வந்து காட்டினார். புகையிலை: இல்லை என்று எழுதியிருந்தது, அதன் கீழே என் கையெழுத்து. எத்தனை பேருடைய கையெழுத்தைச் சந்தேகப்பட்டு, எத்தனை பத்திரத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். பணத்தை மேசையில் வைத்தேன்; வாங்கவில்லை. உங்கள் மகன் எந்த இடத்துக்குப் போனாலும் இந்த ஒரு வரியை மட்டும் சரியாக நிரப்பச் சொல்லுங்கள், அதைத் தெரிந்துகொண்டால் மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்துகொள்வார் என்றார். நீ சத்தம் போட்டதை அவர் மறக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை.

ஏழு வயதில் உன்னைச் செட்டியார் கடைக்கு அனுப்பிப் பொட்டலம் வாங்கி வரச் சொன்னவனும் நான்தான். மீதிக் காசுக்கு நீ கடலை மிட்டாய் வாங்கிக்கொள்வாய். மோட்டார் அறையில் இப்போது ஒன்றும் இல்லை. பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாள்தான், பெரிதாக எண்ணிக்கொள்ளாதே. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஓசூரோ பெங்களூரோ, முதலில் பார்க்கப் போகிற தேதியைச் சொன்னால் முதல் நாள் இரவு மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன். அதிகாலையில் ஓசூரில் இறங்கிவிடலாம். நீலச் சட்டையையும் கொண்டு வருகிறேன். மருத்துவர் தாளை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கும்போது மருமகளும் நானும் யாழினியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறோம். நீ மட்டும் உள்ளே இரு. பக்கத்து நாற்காலியில் யாரும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா