90-ல நடுங்குற வண்டிய 30-ல ஓட்டிப் பாத்து மூணு தடவ பில் போட்டது பத்தி புகார்

வணக்கம் சார் / மேடம்,

போன மார்ச் மாசம் உங்க திருச்சி சர்வீஸ் சென்டர்ல என் வண்டிய 40,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன், டயர் ரொட்டேஷனும் சேத்து. விடுற வரைக்கும் ஓட்டத்துல ஒரு குறை கிடையாது. எடுத்துட்டு வந்த அதே வாரம் அம்மாவ செக்கப்புக்கு சென்னை கூட்டிட்டுப் போறேன், சமயபுரம் டோல் தாண்டி 85 தொட்டதும் ஸ்டீயரிங் கையில கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சிருச்சு. டேஷ்போர்டுல ஒரு சின்ன தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஒட்டி வச்சிருக்கேன், அது அன்னைக்கு பெரம்பலூர் வரைக்கும் ஓயவே இல்ல. அம்மா பின்னாடி சீட்ல இருந்து "ஏம்ப்பா மெதுவாவே போவோமே"ன்னு சொல்லிட்டே வந்தாங்க. 75-க்கு கீழ வந்தா சுத்தமா இல்ல, 110 போனா கொஞ்சம் அடங்குது, நடுவுலதான் ஆட்டம்.

வர்ற வழியில நானே பாத்துக்கிட்டே வந்தேன். பிரேக் மிதிச்சா கூடல. காலி ரோட்டுல 90-ல நியூட்ரல் போட்டுப் பாத்தேன், ஆர்பிஎம் எறங்குச்சு ஆட்டம் எறங்கல. அப்ப பிரேக் டிஸ்க் இல்ல, இன்ஜினும் இல்ல, ஸ்டீயரிங்ல தெரியுறதால முன் சக்கரம் பக்கம் பாக்கணும், இது எந்த லாரி டிரைவர கேட்டாலும் சொல்ற விஷயம். இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி உங்க அட்வைசர் கிட்ட குடுத்தேன். அவர் அத ரெண்டா மடிச்சு ஜாப் கார்டுக்கு அடியில சொருகிட்டு "அலைன்மென்ட் அவுட் ஆயிருக்கும் சார்"னாரு. அலைன்மென்ட் போனா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமா தேயும், ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் எப்படிங்க நடுங்கும்?

மூணு தடவ வந்தேன். மூணு தடவயும் அலைன்மென்ட், பேலன்சிங், 1,450 ரூபாய். மூணு தடவயும் மெஷின்ல 00 காட்டுது, அதாவது சக்கரம் பேலன்ஸ் சரியா இருக்குன்னு சொல்லி அனுப்புனீங்க. டிரையல்னு உங்க ஆள் போனது கேட்ல இருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் யூ டர்ன், 30-ஐ தாண்டல. "டிராஃபிக் சார், இதுக்கு மேல முடியாது". ரெண்டாவது தடவ சக்கரத்த கழட்டி மாட்டுனதுக்கு அப்புறம் ஆட்டம் முன்னவிட கூடிருச்சு. மூணாவது தடவ மேனேஜர் "ரோடு அப்படி சார்"னு சொன்னாரு, அதே ரோட்டுல மூணு வருஷமா போயிட்டு வர்றேன். நாலாவதா லோயர் ஆர்ம், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட்னு சஸ்பென்ஷன் பார்ட்ஸ் மாத்த 21,800-க்கு எஸ்டிமேட் கைல குடுத்தீங்க, அன்னைக்குதான் வேணாம்னு வண்டிய எடுத்துட்டு வந்தேன்.

பால்பண்ணை பக்கம் ஒரு சின்ன அலைன்மென்ட் கடை. அவர் கேட்ட மொத கேள்வி "எந்த ஸ்பீட்ல சார் வருது?" பக்கத்துல ஏறி உக்காந்து துவாக்குடி வரைக்கும் வந்தாரு, ஸ்டீயரிங்க வாங்கி அவரே ஓட்டிப் பாத்தாரு. திரும்பி வந்து சக்கரத்த மெஷின்ல போட்டா இவருக்கும் 00. உடனே "மெஷின்ல ஜீரோ, வண்டில ஆடுது, அப்ப கோளாறு சக்கரத்துல இல்ல சார், அது உக்கார்ற எடத்துல"ன்னு சொல்லி சக்கரத்துக்கு நடுவுல இருக்கற ஓட்டைல வெரல விட்டு ஒரு சுத்து சுத்துனாரு. வலது பக்க சக்கரத்துல கருப்பு பிளாஸ்டிக் ரிங் இருக்கு, இடது பக்கம் இல்ல. என் வண்டில சக்கரம் உக்கார்ற ஹப் 54.1 மில்லிமீட்டர், அலாய் சக்கரத்தோட நடு ஓட்டை 67.1, அந்த இடைவெளிய அடைக்கறதுதான் ரிங்கு. அது இல்லன்னா சக்கரத்த வெறும் நட்டுதான் புடிச்சிருக்கு, ஒரு மயிரிழை தள்ளி உக்காந்தாலும் போச்சு, 90-ல சக்கரம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 13 சுத்து சுத்துது. மெஷின்ல கோன் போட்டு நடுவுல நிறுத்திடறதால அங்க தெரியாது. ஒவ்வொரு தடவ கழட்டி மாட்டும்போதும் ஆட்டம் ஏன் மாறுச்சுன்னும் அப்பதான் புரிஞ்சுது. அந்த அலாய் உங்க ஷோரூம்லயே ஆக்சஸரின்னு வாங்குனது, அதுக்கப்புறம் சக்கரத்த கழட்டுனது உங்க ஒர்க்‌ஷாப் மட்டும்தான்.

ரிங் 200, கூலி 100. இப்ப 100-ல போனாலும் பொம்மை சும்மா நிக்குது.

எனக்கு வேண்டியது மூணு பில்லோட 4,350 ரூபாய் திரும்ப, அப்புறம் நல்லா இருக்கற லோயர் ஆர்ம மாத்தணும்னு எத பாத்து முடிவு பண்ணீங்கன்னு எழுத்துல ஒரு பதில். ஃபோன்ல "பாத்துக்கறோம் சார்" வேணாம், நிறைய கேட்டாச்சு. 15 நாள் பாப்பேன், இல்லன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல பதிவு பண்ணிட்டு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன். பில், எஸ்டிமேட், ரெண்டு சக்கரத்தோட ஃபோட்டோ எல்லாம் இதோட வச்சிருக்கேன்.

தொலைஞ்ச ரிங்கு உங்க ஒர்க்‌ஷாப் தரையில எங்கயாச்சும் கெடந்தா எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கறேன்.